மார்பிற் பதக்கம்: அதன் வரிசையும் அணியும் முறையும்

வீரத்தைப் போற்றாத நாடு உலகில் இல்லை. போற்றும் முறைதான் நாட்டுக்கு நாடு வேறுபடும். பண்டைத் தமிழ்வேந்தர் படைத்தலைவனுக்கு ஏனாதி என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும் அளித்தனர். வீரன் காலிற் கழல் அணிந்தான். களத்தில் வீழ்ந்தவனுக்கு ஊரார் நடுகல் நாட்டினர். இக்காலத்து அரசுகள் மோதிரத்தையும் கழலையும் விடுத்து, மார்பிற் குத்தும் பதக்கத்தைக் கொண்டன. உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு, இரண்டு விரல் அகலமுள்ள ஒரு பட்டுநாடா: இவ்வளவே அதன் உருவம். ஆயினும் அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. எது முன், எது பின், எவர் அணியலாம், எப்பக்கம் அணியலாம் என்பனவெல்லாம் சட்டத்தாலும் மரபாலும் வரையறுக்கப்பட்டவை. அவ்விலக்கணத்தை எமது பூண்டுலோயா வட்டாரத்து மாணவரும் பழைய மாணவரும் அறிந்துகொள்ளுமாறு எளிய முறையில் எடுத்துரைப்பதே எமது நோக்கம்.

இப்பொருளை விழா மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். விழா என்றதும் மாணவர் படையணி வரும். ஓய்வுபெற்ற படைவீரரும் பொலிசாரும் பதக்கம் பூண்டு வருவர். அவர்களை வரவேற்கும் நாம் அவர் மார்பில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும். அதனினும் முக்கியமானது மற்றொன்று. பாட்டன் காலத்துத் தகரப்பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய பதக்கத்தைச் சிலர் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். சிலர் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுகின்றனர். அவ்வாறு தொலைவது உலோகம் மட்டுமன்று; ஒரு மனிதனின் பெயருமாகும். இதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்குவாம்.

மூவகைச் சிறப்புகள்

பதக்கம் என்று நாம் பொதுவிற் சொல்வன மூவகைப்படும். முதலாவது, 'ஓடர்' எனப்படும் விருதுக்குழாம். அரசனோ குடியரசுத் தலைவனோ தலைமை தாங்கும் ஒரு குழுவில் உறுப்பினராகச் சேர்க்கப்படுதலே அதன் பொருள். நோர்வே நாட்டின் புனித ஒலாவ் விருதுக்குழாம் அத்தகையது. அது 1847ஆம் ஆண்டில் முதலாம் ஒஸ்கார் மன்னராற் தோற்றுவிக்கப்பட்டது. இரண்டாவது, ஒரு குறித்த வீரச்செயலுக்காக ஒருவனைத் தெரிந்தெடுத்து வழங்கும் வீரவிருது. மூன்றாவது, போரிலோ நெடுங்காலச் சேவையிலோ பங்குகொண்ட அனைவர்க்கும் உரிய சேவைப் பதக்கம். வீரவிருது ஒருவனைப் பலரினின்றும் பிரித்துக் காட்டும். சேவைப் பதக்கம் ஒருவனைப் பலரோடு சேர்த்துக் காட்டும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் வரிசைமுறையின் பெரும்பகுதி தானே விளங்கும்.

வரிசையின் அடிப்படை

பெரும்பாலான நாடுகளில் வீரவிருதுகளுள் தலையாயது எல்லாவற்றிற்கும் முன்னே நிற்கும். பிரித்தானிய முறையில் 1856 சனவரி 29ஆம் நாள் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியாச் சிலுவையே முதலிடம் பெறும். வெண்கலத்தாலான அது, பொன்னும் வைரமும் இழைத்த விருதுக்குழாச் சின்னங்கள் அனைத்திற்கும் முன்னர் அணியப்படும். அடுத்த இடம் 1940 செப்ரெம்பர் 24ஆம் நாள் ஏற்படுத்தப்பட்ட ஜோர்ஜ் சிலுவைக்கு உரியது. பகைவர் எதிரே நின்று காட்டிய வீரத்துக்கு முன்னது. பகைவர் நேரில் இல்லாத இடத்து உயிரைத் துச்சமாக மதித்துக் காட்டிய வீரத்துக்குப் பின்னது.

இங்கே தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. 'தம்பிகள்' என்று அன்போடு அழைக்கப்பட்ட மதராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மிக்னானோ என்னுமிடத்தருகே கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தார். வெடிக்கப்போகும் கண்ணியின்மேல் தம் உடலையே போர்த்தி, உடனிருந்தோரைக் காத்துத் தாம் மாண்டார். அவருக்கு இறப்பின் பின் ஜோர்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அஃது இரண்டாம் இடத்தது என்பதால் அவருடைய வீரமும் இரண்டாந்தரம் என்று கொள்வது அறியாமை. வரிசை என்பது மார்பில் எது எங்கே தொங்கவேண்டும் என்பதற்கான ஒழுங்கு. மனிதரைத் தராசில் இட்டு நிறுக்கும் அளவையன்று.

நோர்வே நாட்டின் முறை இக்கருத்தை வேறொரு வகையில் விளக்கும். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டுக்கு நடுநின்ற நாடாகவும், எம்மவர் பலர் குடியேறி வாழும் நாடாகவும் நோர்வே எம்மனோர்க்கு அறிமுகமானதே. 1940 ஏப்ரல் 9ஆம் நாள் செருமானியர் அந்நாட்டினுட் புகுந்தனர். அரசர் ஏழாம் ஹாக்கோன் இலண்டனிற் புகலடைந்து, அங்கிருந்தே 1941 மே 23ஆம் நாள் போர்ச்சிலுவை என்னும் விருதை ஏற்படுத்தினார். நாட்டை இழந்து நின்ற அரசர் ஏற்படுத்திய அவ்விருதே இன்றும் அந்நாட்டு விருதுகள் அனைத்திலும் முதலிடத்தது. புனித ஒலாவ் விருதுக்குழாத்தின் மிகவுயர்ந்த படியும் அதற்குப் பின்னரே நிற்கும். ஆகவே, ஓர் எளிய போர்வீரனின் சிலுவை ஓர் அமைச்சரின் பெருஞ்சின்னத்துக்கு முன்னர் வைத்து எண்ணப்படும். அச்சிலுவையை ஒருவர் மீண்டும் பெறுவாராயின் நாடாவின்மேல் மற்றொரு வாளுருவம் சேர்க்கப்படும். எதிர்ப்பியக்க வீரர் குன்னார் சொன்ஸ்டெபி ஒருவரே மூன்று வாளுடன் அதனைப் பெற்றவர். நெடுங்காலம் வழங்கப்படாதிருந்த இவ்விருது, ஆப்கானித்தானத்திற் பணிபுரிந்தோருக்காக 2011ஆம் ஆண்டில் மீண்டும் வழங்கப்பட்டது. போர்ப்பதக்கம், ஹாக்கோன் மன்னரின் விடுதலைப் பதக்கம், 1940 முதல் 1945 வரை போரிற் பங்குகொண்டோர்க்கான பதக்கம் முதலியன இதற்குக் கீழே தத்தமக்குரிய இடத்தில் நிற்பன.

இந்திய முறையில், 1950 சனவரி 26ஆம் நாள் ஏற்படுத்தப்பட்ட பரம் வீர் சக்கரமே போர்க்கள விருதுகளுள் தலையாயது. அதன் வடிவத்தை வரைந்தவர் சுவிற்சர்லாந்திற் பிறந்து இந்தியரை மணந்த சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையார். மகாவீர் சக்கரமும் வீர் சக்கரமும் அதன் கீழ்ப்படிகள். பகைநாட்டுப் படை எதிரில் இல்லாத இடத்துக் காட்டும் பெருவீரத்துக்கு அசோகச் சக்கரம் உரியது. அது பரம் வீர் சக்கரத்துக்கு அடுத்து அணியப்படும். சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலிற் காஷ்மீரில் உயிர் நீத்தார். அவருக்குரிய அசோகச் சக்கரத்தை 2015ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று அவர்தம் மனைவியார் பெற்றுக்கொண்டதைப் பலரும் அறிவர்.

எமது நாட்டு முறையில் வீரவிருதுகள் ஐந்து. பரம வீர விபூஷணய, வீரோதார விபூஷணய, வீர விக்ரம விபூஷணய, ரண விக்ரம பதக்கம, ரண சூர பதக்கம என்பன அவை. மேலிருந்து கீழாக அணியப்படும் ஒழுங்கும் அதுவே. விசிட்ட சேவா விபூஷணய, உத்தம சேவா பதக்கம முதலிய சேவைச் சிறப்புகள் இவற்றின் பின்னர் வரும். போர்க்காலப் பதக்கங்களும் நெடுஞ்சேவைப் பதக்கங்களும் அவற்றையடுத்து நிற்கும். இவற்றுட் பல, 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற உள்நாட்டுப் போரோடு தொடர்புடையவை. அப்போர் எம்மினத்தார் உள்ளத்தில் விட்டுச்சென்ற புண்ணை நாம் அறிவோம். ஒரு பதக்கத்தின் இடத்தை அறிவது வேறு, அப்போரின் நியாயத்தை ஆராய்வது வேறு. முன்னதே இக்கட்டுரையின் எல்லை.

அணியும் முறை

இனி அணியும் முறையைக் கூறுவாம். தாம் பெற்ற பதக்கத்தை ஒருவர் இடப்பக்க மார்பில் அணிதல் வேண்டும். பலவாயின் ஒரே சட்டத்திற் கோத்து ஒரு வரிசையாக நிறுத்துக. அவற்றுள் மிகவுயர்ந்தது மார்பின் நடுவை, அதாவது சட்டைப் பொத்தான்களை, அடுத்து நிற்கும். தாழ்ந்தது தோட்பக்கம் செல்லும். எதிரே நின்று காண்போர் தம் இடக்கைப் பக்கத்திலிருந்து, தமிழெழுத்தை வாசிப்பது போல, வாசித்துச் செல்லலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருப்பின் மேல்வரிசை உயர்ந்தது.

முழுப்பதக்கம் அணிவகுப்புக்கும் அரச விழாக்களுக்கும் உரியது. அன்றாடச் சீருடையில் நாடாவை மட்டும் சிறு பட்டையாகத் தைத்து அணிவர். மாலை விருந்துடையிற் சிறுவடிவப் பதக்கம் அணிவது வழக்கம். கழுத்திற் தொங்குவன, தோளிற் குறுக்கே செல்லும் பட்டுப்பட்டையோடு வருவன என்பவை மேற்படிச் சின்னங்கள். இவற்றை மார்புச் சட்டத்திற் கோத்தல் ஆகாது. பெண்கள் சீருடையின்றி வேறு உடையில் வரும்போது நாடாவை மலர்முடிச்சாகக் கட்டி அணிவதும் பல நாடுகளில் உண்டு.

ஒரே விருதை இரண்டாம் முறை பெற்றவர் இரண்டு பதக்கம் அணிவதில்லை. நாடாவின்மேல் ஒரு சிறு உலோகப்பட்டை சேர்த்துக்கொள்வர். போர்ப்பதக்கங்களில் இப்பட்டையே போர்க்களத்தின் பெயரைத் தாங்கி வருவதும் உண்டு. அயல்நாட்டார் வழங்கிய பதக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், சொந்த நாட்டுப் பதக்கங்களின் பின்னரே நிற்கும். அதனை அணிதற்குத் தம் அரசின் இசைவும் பெறல் வேண்டும்.

எல்லாவற்றினும் நாம் வற்புறுத்த விரும்பும் விதி ஒன்று உண்டு. இறந்த தந்தையினது அல்லது பாட்டனது பதக்கத்தை வழித்தோன்றல் அணிய விரும்பின், நினைவு நாட்களில் வலப்பக்க மார்பில் அணிவது பிரித்தானிய வழிவந்த நாடுகளில் நிலைபெற்ற மரபு. இடமார்பு 'இது நான் ஈட்டியது' என்று கூறும்; வலமார்பு 'இஃது என் முன்னோர் ஈட்டியது' என்று கூறும். இந்த ஒரு வேறுபாடு மரியாதையையும் உண்மையையும் ஒருங்கே காக்கின்றது.

மலைநாட்டுத் துரைமாரின் பதக்கங்கள்

எமது மலைநாட்டோடு நெருங்கிய படையணி ஒன்றின் வரலாற்றை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். தோட்டத் துரைமாரைக் கொண்டு 1900ஆம் ஆண்டில் உருவாகி, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது இலங்கைத் தோட்டத் துரைமார் துப்பாக்கிப் படை. அதிற் சேர ஐரோப்பியருக்கே இடமுண்டு. 1914 ஒக்ரோபரில் அப்படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 பிற நிலையினரும் எகிப்துக்குக் கப்பலேறினர். அங்கே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்க்கப்பட்டு, 1915இற் கலிப்பொலிக் களத்தில் தளபதி பேர்ட்வுட்டின் காவலராகவும் பணிபுரிந்தனர். நாடு சுதந்திரம் பெற்றபின் 1949ஆம் ஆண்டில் இப்படை கலைக்கப்பட்டது.

1915ஆம் ஆண்டு முடியுமுன் போர்க்களம் சென்றோர்க்கு மூன்று பதக்கங்கள் உரியன. முதலாவது 1914-15 விண்மீன். இரண்டாவது வெள்ளியாலான பிரித்தானியப் போர்ப்பதக்கம். மூன்றாவது வானவில் நிறநாடா கொண்ட வெற்றிப் பதக்கம். அணியும் வரிசையும் அதுவே. இம்மூன்றும் எங்கும் சேர்ந்தே காணப்பட்டமையால், இங்கிலாந்து மக்கள் அக்காலத்துச் செய்தித்தாளொன்றின் படக்கதையில் வந்த 'பிப், ஸ்குவீக், வில்பிரட்' என்னும் மூன்று விலங்குகளின் பெயரை அவற்றுக்கு இட்டு நகையாடினர்.

வெள்ளியும் வெண்கலமும்

இம்மூன்றனுள் நடுவணதாகிய போர்ப்பதக்கத்தை உற்று நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். படைவீரர்க்கு அது வெள்ளியில் வார்க்கப்பட்டது. இந்தியா, சீனா, மோல்ட்டா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிற்படையினர்க்கோ அதே பதக்கம் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. அரசரின் உருவம் அதுவே, குதிரைவீரனின் உருவமும் அதுவே, நாடாவும் அதுவே. உலோகம் ஒன்றே வேறு. மண் சுமந்தவன், பாதை வெட்டியவன், பிணம் புதைத்தவன் ஆகியோரும் அதே போரில்தான் இருந்தனர். ஆயினும் அவர் மார்புக்கு வெள்ளி மிகையென்று கருதினர் போலும்!

இவ்வழக்கம் அப்போரில் தோன்றியதன்று. தென்னாபிரிக்கப் போர்ப்பதக்கத்திலும் படையைப் பின்தொடர்ந்து பணிசெய்த இந்தியப் பணியாளர்க்கென வெண்கல வகை உண்டு. அப்போரிலேதான் 1899, 1900ஆம் ஆண்டுகளில் நேட்டால் இந்தியர் காயமுற்றோரைச் சுமக்கும் படையொன்றை அமைத்தனர். காந்தியடிகள் அதன் தலைவருள் ஒருவர். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையிற் பெரும்பாலார் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர். அவ்வாறு நேட்டால் சென்றோருள் தமிழர் பெருந்தொகையினர். எம் முன்னோரை மன்னார்க்கரையில் இறக்கிக் கால்நடையாக இம்மலைகளுக்கு ஏற்றிவிட்ட அதே வறுமைதான் அவர்களையும் கடல் கடத்தியது. ஸ்பியன் கொப் குன்றிலிருந்து காயமுற்றோரை அவர்கள் தூளியிற் சுமந்தனர். படையின் தலைவர்களுக்குப் போர்ப்பதக்கம் கிடைத்தது என்று காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

அதே பதக்கத்தையும், சூலுப் போர்ப்பதக்கத்தையும், பொன்னாலான கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தையும் 1920 ஓகஸ்ட் முதல் நாள் அடிகள் அரசப் பிரதிநிதிக்குத் திருப்பி அனுப்பினார். அளித்தவன் அறம் தவறியபின் அவன் அளித்த சின்னத்தை மார்பிற் சுமப்பது தகாது என்பதே அச்செயலின் பொருள். பதக்கம் அணிவதற்கு முறையுண்டு. அணியாமல் விடுவதற்கும் ஒரு முறையுண்டு என்பதை உலகம் அன்று கண்டது.

எமது நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி நடந்தது. நவம்பர் 11ஆம் நாள் போர் நினைவுக்காகச் செந்நிறப் பொப்பிப்பூ விற்கப்படும். அதனால் வந்த பணத்தின் பெரும்பங்கு இங்கிலாந்துக்கே சென்றது. அதனைக் கண்டு மனம் பொறாதார் 1930களின் தொடக்கத்தில் அதே நாளிற் 'சூரியமல்' என்னும் பூவரசம்பூவை விற்று, அப்பணத்தை நம் நாட்டார்க்கே பயன்படுத்தினர். மார்பிற் குத்தும் பூவுங்கூட ஒரு கேள்வியைக் கேட்கவல்லது என்பதற்கு அது சான்று.

நிலை வேறுபாடு உலோகத்தில் மட்டும் இருந்ததில்லை. 1914 முதல் அதிகாரிகளுக்கு இராணுவச் சிலுவையும், 1916 முதல் பிற நிலையினர்க்கு இராணுவப் பதக்கமும் பிரித்தானியர் வழங்கினர். ஒரே பதுங்குகுழியில் ஒரே வீரச்செயலைச் செய்த இருவருள் ஒருவருக்கு மேல்வரிசை, மற்றவருக்குக் கீழ்வரிசை! 1993ஆம் ஆண்டிலேதான் இவ்வேறுபாடு நீக்கப்பட்டு, இராணுவச் சிலுவை எல்லா நிலையினர்க்கும் உரியதாயிற்று. அந்நாட்டின் தலையாய விக்டோரியாச் சிலுவையோ தொடக்கமுதலே படிநிலை பாராதது. நோர்வேயின் போர்ச்சிலுவையும், இந்தியாவின் பரம் வீர் சக்கரமும், இலங்கையின் பரம வீர விபூஷணயவும் அவ்வாறே படிநிலை பாராதவை.

இனி எம்மவர் நிலையைக் கருதுவோம். துரைமார் போருக்குச் சென்ற காலத்தில் டன்சினன் முதலிய தோட்டங்களில் தேயிலை கொழுந்துவிடாமல் நின்றதில்லை. அக்கொழுந்தைப் பறித்தவர்க்கு எந்த உலோகத்திலும் பதக்கம் வார்க்கப்படவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களைப் பெரும்பாலும் நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கும்வரை, நாட்டின் சிறப்புகளைப் பெறுவதிருக்க, நாட்டின் குடியாவதற்கே அவர்கள் வாதாட வேண்டியிருந்தது. ஆகவே, பதக்கம் இல்லாமையைத் தொண்டு இல்லாமையாக எவரும் கொள்ளற்க. வரிசைப் பட்டியலில் இடம் பெறாத சிறப்புகளும் உள.

வீட்டிலிருக்கும் பழம்பதக்கம்

இறுதியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலாம் உலகப்போர்ப் பதக்கம் ஒன்று உங்கள் கையில் இருப்பின், வெள்ளிப் பதக்கத்திற்கும் வெற்றிப் பதக்கத்திற்கும் விளிம்பைப் பாருங்கள்; விண்மீனுக்குப் பின்புறத்தைப் பாருங்கள். பெற்றவரின் இலக்கம், நிலை, பெயர், படையணி ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர் ஒன்றினாலேயே ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடத் தொடங்கலாம். 1980ஆம் ஆண்டளவில் வெள்ளி விலை ஏறியபோது இத்தகைய பதக்கங்கள் பல உலகெங்கும் உருக்கப்பட்டன; அவற்றோடு பெயர்களும் உருகின.

இரண்டாம் உலகப்போரின் விண்மீன்கள் ஆறு முனை கொண்டவை. செம்பும் துத்தநாகமும் கலந்தவை. பிரித்தானிய அரசு வழங்கியவற்றிற் பெயர் பொறிப்பதில்லை. 1939-45 விண்மீன் முதலில் நிற்கும். ஆபிரிக்கா, பர்மா, இத்தாலி என்னும் பெயருடைய விண்மீன்கள் அம்முறையே தொடரும். பாதுகாப்புப் பதக்கமும் 1939-45 போர்ப்பதக்கமும் கடைசியில் வரும். 1939-45 விண்மீனின் நாடாவிற் கருநீலம் கடற்படையையும், செம்மை தரைப்படையையும், இளநீலம் வான்படையையும் குறிப்பன. பெயரில்லாத பதக்கமாதலின், பெற்றவர் யாரென்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்தல் குடும்பத்தார் கடன்.

பதக்கத்தைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குதல் தகாது, எழுத்துத் தேயும். நாடா நைந்துபோயின் புதிய நாடா இடலாம். பழையதையும் எறியாமல் வைத்திருக்க. உலர்ந்த துணியிற் சுற்றி, இம்மலைநாட்டு ஈரம் படாத இடத்தில் வைக்க. பாட்டனின் பதக்கத்தைப் பேரன் அணிய விரும்பின் வலமார்பில் அணிக. தாம் ஈட்டாததை இடமார்பில் அணிந்து திரிதல் பொய்கூறலோடு ஒக்கும்.

கல்லூரியும் தன் மாணவர்க்குப் பதக்கம் அளிக்கின்றது. படிப்பிற் சிறந்தவனுக்கு ஒன்று, ஓட்டத்தில் முந்தியவனுக்கு ஒன்று என வகுத்து வைக்கின்றோம். அவற்றை வழங்கும் ஆசிரியரும் பெறும் மாணவரும் மேற்கூறிய வரலாற்றினின்று ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். கொடுப்போன் நடுநிலை தவறாதிருந்தால் வெண்கலமும் பொன்னாகும். தவறினால் பொன்னும் திருப்பி அனுப்பப்படும். எம் கல்லூரியிலிருந்து புறப்படும் இளைஞர் எத்துறையில் எச்சிறப்பைப் பெறினும் அதனைத் தகுதியால் ஈட்டி, முறையறிந்து அணிந்து, பெயரறியா முன்னோரின் உழைப்பையும் மறவாது வாழ்வாராக.